அவுகுசோவின் நெற்றி

அவுகுசோவின் நெற்றியை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். புருவத்துக்கு மேலே தொடங்கி முடி முளைக்கும் இடம் வரைக்கும் தழும்பு தழும்பாக, உழுது போட்ட நிலம் மாதிரி இருக்கும். லெஃபாங்கா கடற்கரையில் அவர் உட்கார்ந்திருந்தால் ஊர்ப் பிள்ளைகள் ஈர்க்குச்சியை ஒடித்து அந்தப் பள்ளங்களில் செருகிப் பார்ப்பார்கள். குச்சி விழாமல் நிற்கும். சமோவாவில் அடுத்தவன் தலையில் கை வைப்பது செருப்பால் அடிப்பதைவிட மோசம். பிள்ளைகளுக்கு மட்டும் அவர் அதை விட்டுக்கொடுத்திருந்தார்.

"இது எந்த ஊர்ல வாங்கினது?"

"அது ஓசாகா. தடிமாடு மாதிரி ஒருத்தன், இரும்பு நாற்காலியால போட்டான்."

"இது?"

"டெக்சாஸ். அதைத் தொடாதே, நினைச்சாலே வலிக்குது."

பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். சொன்னதெல்லாம் பொய். அந்த நெற்றியில் இருந்த ஒவ்வொரு கோட்டையும் கீறியது அவருடைய சொந்தக் கை. வலது ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி சுற்றி, அதற்குள் நகத்தளவு பிளேடுத் துண்டை ஒளித்துக்கொள்வார். எதிராளி அடித்ததும் குப்புற விழுவார். யாரும் பார்க்காத நொடியில் நெற்றியில் ஒரே இழுப்பு. வியர்வையோடு சேர்ந்தால் கொஞ்சம் ரத்தமே முகம் முழுக்க வழிந்துவிடும். அரங்கம் அலறும். இது அவருக்கும் அவரோடு மேடையேறியவர்களுக்கும் மட்டும் தெரிந்த தொழில். பெண்டாட்டி தெரியாமலே செத்துப்போனாள். கூடப்பிறந்த அக்கா ரூத்தாவுக்குத் தெரியாது. ரூத்தாவின் மகன் தனியேலுவுக்கும் தெரியாது. அவனுக்கு மட்டும் தெரிந்திருந்தால் இந்தக் கதையை நான் சொல்ல வேண்டியிருக்காது.

அவர் கோவில் டீக்கனின் மகன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளையும் வெள்ளைச் சட்டை போட்டுப் பாட்டுக் கூட்டத்தில் நின்று அடித்தொண்டையில் பாடியவர். வயசுப்பையனாக ஆக்லாந்துக்குக் கப்பலேறி, அங்கே கறித் தொழிற்சாலையில் உரித்த மாட்டைத் தோளில் சுமந்தார். குளிர் கிடங்கில் நாள் முழுக்க நின்றதில் கால் விரல் நகமெல்லாம் கறுத்து விழுந்தது. அங்கேதான் ஒரு குஸ்தி ஏற்பாட்டாளன் அவரைப் பார்த்தான். முழு மாட்டுத் தொடையைத் தூக்கிக்கொண்டு சிரித்தபடி நடக்கிறவனை எவன்தான் விடுவான்?

பழக்கியவர் போலந்துக்காரக் கிழவர் ஒருவர். முதல் நாளே அவுகுசோவின் சுண்டு விரலை ஒடித்தார். "ஏன்யா?" என்று கத்தியவரிடம், "இது நிஜ வலி. இனிமே நீ தருவது எதுவும் இப்படி இருக்கக் கூடாது, புரிஞ்சுதா?" என்றார். அப்புறம் ஒரு வருஷம் விழுவதற்கு மட்டுமே பழக்கம். முதுகில் விழு, பக்கவாட்டில் விழு, தூக்கி எறியப்பட்டு விழு. ராத்திரி படுத்தால் எந்தப் பக்கமும் புரள முடியாது. கடைசியில் பிளேடைக் கையில் கொடுத்து, "இதைப் பத்தி உன்னைப் பெத்தவகிட்டக்கூடச் சொல்லக் கூடாது" என்றார் கிழவர். அந்தச் சொல் அவுகுசோவின் மண்டையில் வேதவாக்காக ஏறி உட்கார்ந்துவிட்டது.

ஏற்பாட்டாளர்கள் அவரை என்னவாக விற்றார்கள் தெரியுமா? காட்டுமிராண்டியாக. செருப்பு போடாதே, இங்கிலீஷ் பேசாதே, மேடையில் பச்சை மீனைக் கடித்துத் துப்பு. பைபிளைத் தலைகீழாகச் சொல்லத் தெரிந்த மனிதன், ஊர் ஊராகப் போய் மீன் தலையைக் கடித்துத் துப்பினார். எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. அவர் எரிச்சல்படவில்லை. "கறி சுமக்கிறதுக்கு இது எவ்வளவோ தேவலை" என்பார்.

பொய்க் குஸ்தி என்று யாரும் இளப்பமாக நினைக்க வேண்டாம். யார் ஜெயிப்பது என்பதுதான் முன்பே பேசி வைப்பது; விழுகிற உடம்பு நிஜ உடம்பு. இடது காதில் பாதி போய்விட்டது. முன்பல் இரண்டு போனது. ஒரு ஊரில், ஜெயித்து இறங்கி வந்தவரின் தொடையில் ஒரு மூதாட்டி தன் தொப்பியில் செருகியிருந்த நீள ஊசியை ஏற்றினாள். இன்னொரு ஊரில் ஒருவன் முதுகில் சிகரெட்டை அணைத்தான். அவர் உறுமினார், அவ்வளவுதான். சமோவா மொழியில்கூட ஒரு வார்த்தை வரவில்லை. காட்டுமிராண்டி எப்படிப் பேசுவான்?

முழங்கால் இரண்டும் தேய்ந்தபிறகு ஊர் திரும்பினார். குடும்பத்தார் கூடி அவருக்கு மத்தாய் பட்டம் கொடுத்துக் குடும்பத் தலைவராக்கினார்கள். ஊரில் அவர்தான் உலகத்தையே அடித்துப் போட்டுவிட்டு வந்த ஆள். பழைய கொப்பரைக் கொட்டகையில் மேடை கட்டி, வளர்ந்த ஆண்களைப் பழக்க ஆரம்பித்தார். துறைமுகக் கூலி, போலீஸ்காரன், பஸ் ஓட்டி என்று பலர் வந்தார்கள். பாதிப்பேர் முதல் வாரமே ஓடிப்போனார்கள். நின்றவர்களில் ஒருவன் லாஃபி.

லாஃபிக்கு ஊர் தீவின் மறுகோடியில், அலெய்பாட்டாவில். முப்பதை நெருங்கிய மீனவன், கலியாணம் ஆகாதவன். இடுப்பிலிருந்து முழங்கால் வரை பச்சை குத்தியவன். அந்த வலியைத் தாங்கினவனுக்குக் கொட்டகை வலி ஒன்றுமே இல்லை. அவனிடம் ஒரு வித்தை இருந்தது. கை காற்றைக் கிழித்துக்கொண்டு வரும். மார்பில் விழும் சத்தம் தேங்காய் பிளக்கிற மாதிரி கேட்கும். வாங்கினவனுக்குக் கொசு உட்கார்ந்தது மாதிரிதான் இருக்கும். அவுகுசோ உலகமெல்லாம் சுற்றி அப்படி ஒரு கையைப் பார்த்ததில்லை. அவனை ரூத்தாவின் வீட்டிலேயே தங்க வைத்தார். லாஃபியும் தனியேலுவும் ஒரே வலையில் மீன் பிடித்து, ஒரே சேப்பங்கிழங்கைப் பிட்டுத் தின்றார்கள். தனியேலு தென்னந்தோப்பில் வேலை செய்பவன்; வாய் அதிகம், மனசில் ஒன்றும் கிடையாது, கோபம் வந்தால் மட்டும் கண் தெரியாது.

அந்த வருஷம் சுதந்திர தினத்துக்கு ஆப்பியா மைதானத்தில் பெரிய குஸ்தி என்று அவுகுசோ ஏற்பாடு செய்தார். அவர் கடைசியாக மேடையேறும் நாள் என்று ஊரெங்கும் பேச்சு. எதிர்த்து நிற்கப் பேசியிருந்த வெளிநாட்டுக்காரன் கடைசி வாரத்தில் வர முடியாது என்று தந்தியடித்துவிட்டான். அவுகுசோ லாஃபியைக் கொட்டகைக்கு வெளியே கூட்டிப்போனார்.

"முகமூடி போட்டுக்கறியா? கழுத்துலேருந்து கால் வரைக்கும் கறுப்பு உடுப்பு. பச்சை தெரியக் கூடாது. எந்த நாட்டுக்காரன்னு எவனுக்கும் தெரியாது."

"ஜெயிக்கிறது யாரு, வாத்தியாரே?"

"நீதான். நான் ரத்தத்துல குளிச்சுக் கிடப்பேன். மணி அடிச்சதும் நீ முகமூடியக் கழட்டு. இவன்தான்டா நான் பழக்குன புள்ளன்னு உன் கையத் தூக்கிக் காட்டுவேன். அதுக்கப்புறம் மேடை உன்னோடது."

லாஃபிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடட்டுமா? நான்தான் அதுன்னு, வாத்தியாரோட பேசி வச்சதுதான்னு. இல்லாட்டி அது கெடந்து தவிக்கும்."

"கூடாது."

"தனியேலுகிட்டயாவது?"

"பெத்தவகிட்டயே கூடாதுங்கறேன், அவனுக்கு எதுக்குடா? முகமூடிக்குள்ள நீ சமோவாக்காரனே இல்ல. உசுரு போனாலும் நம்ம பேச்சு ஒரு வார்த்த வரக் கூடாது. உறுமு. அவ்வளவுதான்."

"சரி வாத்தியாரே."

சுதந்திர தினத்தன்று மைதானம் நிரம்பி வழிந்தது. போலீஸ் பாண்டு வாசித்தது. மேடைக்குப் பக்கத்திலேயே இளநீர்க் குவியல் போட்டு, தனியேலு வெட்டுக்கத்தியால் சீவிச் சீவி விற்றுக்கொண்டிருந்தான். முன்வரிசையில் ரூத்தா குடை பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

முகமூடிக்காரன் மேடையேறியதும் ஊரே திட்டித் தீர்த்தது. யாரோ அழுகிய பப்பாளியை வீசினார்கள். லாஃபி அதைக் காலால் நசுக்கி உறுமினான். ஆட்டம் சூடு பிடித்தது. மார்பில் அடி, கழுத்தில் பிடி, கயிற்றில் தூக்கி எறிதல். ஒவ்வொரு அடிக்கும் பெண்கள் கத்தினார்கள். அவுகுசோவுக்கு வலிக்கவேயில்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு அழகான ஆட்டம் ஆடியதில்லை என்று அவர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்.

லாஃபி அவர் தலைமுடியைப் பிடித்து மேடைக் கம்பத்தில் மோதினான். மோதுவது போல மோதினான். அவுகுசோ சுருண்டு விழுந்து, முகத்தைக் கைகளால் மூடி, விரலை இழுத்தார். வயசான தோல், பிளேடு கொஞ்சம் ஆழமாக இறங்கிவிட்டது. எழுந்து மண்டியிட்டபோது கண், மூக்கு, வாய் எல்லாம் ரத்தம். லாஃபி பழக்கியபடியே அந்தத் தலையில் காலை வைத்து மிதித்து, கைகளை உயர்த்தினான்.

மாமனின் தலையில் அந்நியன் கால். தனியேலுவுக்கு அவ்வளவு போதும்.

அவன் கத்தியோடு கயிற்றுக்கு அடியில் புகுந்து வந்ததை ஜனங்கள் ஆட்டத்தில் ஒரு பகுதி என்றே நினைத்தார்கள். கைதட்டினார்கள். முதல் வெட்டு தோளில் விழுந்து கறுப்பு உடுப்பைப் பிளந்தது. லாஃபி திரும்பினான். முகமூடியின் ஓட்டைக்குள் அவன் கண்கள் தனியேலுவை அடையாளம் கண்டுகொண்டதை அவுகுசோ பார்த்தார். முந்தின நாள் ஒரே இலையில் சாப்பிட்டவன். "டேய், நான்தான்டா" என்று இரண்டே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். லாஃபி கைகளை முன்னால் நீட்டி உறுமினான்.

அவுகுசோ வாயைத் திறந்தார். திறந்த வாயில் பேச்சு வர ஒரு மூச்சு நேரம் பிடித்தது. அந்த ஒரு மூச்சில் அவர் நினைத்தது என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் எல்லாம் வெளியே வந்துவிடுமே என்று நினைத்தார். அதற்குள் இரண்டாவது வெட்டு கழுத்தில் இறங்கிவிட்டது.

"தனியேலு! டேய், அது லாஃபிடா!"

மூன்றாவதாக ஓங்கின கை அந்தரத்தில் நின்றது. கூட்டம் இன்னும் ஆர்ப்பரித்துக்கொண்டிருந்தது. அவுகுசோ தவழ்ந்து போய் முகமூடியைப் பிய்த்தெடுத்தார். இரண்டு கைகளாலும் கழுத்தை அழுத்தினார். விரல் இடுக்கில் ரத்தம் கொப்பளித்தது. அவர் நெற்றி ரத்தம் வேறு லாஃபியின் முகத்தில் சொட்டியது. லாஃபி அவரையே பார்த்தபடி இருந்தான். கடைசி வரைக்கும் அந்த வாயிலிருந்து ஒரு சமோவாச் சொல் வரவில்லை. பாண்டுக்காரர்கள்தான் முதலில் வாசிப்பை நிறுத்தினார்கள்.

தனியேலுவை விலங்கு போட்டுக் கொண்டுபோனார்கள். மறுநாள் அவுகுசோ போய்ப் பார்த்தபோது அவன் சுவரில் தலையை முட்டி முட்டி அழுதுகொண்டிருந்தான்.

"அவன்னு எனக்குத் தெரியாது மாமா, சத்தியமாத் தெரியாது. ஆனா அவன் ஏன் மாமா உங்கள அப்படி அடிச்சான்? உங்க சோத்தத் தின்னுட்டு உங்க தலையில மிதிச்சானே! முகத்த மூடிக்கிட்டு வந்து மிதிச்சானே, பாவி! நான் பாத்துக்கிட்டு இருப்பனா?"

அவுகுசோ வாயைத் திறக்கவில்லை. திறந்தால், மாமனைக் காப்பாற்றினோம் என்று அவன் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒரு துரும்பும் போய்விடும். விளையாட்டு ஒன்றுக்காகச் சோற்றுப் பங்காளியை வெட்டிக் கொன்ற மடையனாக அவன் நிற்பான். கம்பியைப் பிடித்தபடி நின்றுவிட்டுத் திரும்பினார்.

ஆனால் வாயை மூடிக்கொண்டால் லாஃபி என்ன ஆவான்? ஆப்பியா சந்தையில் அதற்குள் பேச்சு கிளம்பிவிட்டது. பழக்கின வாத்தியாரைக் கொல்லப் பார்த்த துரோகியாம். பொறாமையாம். முகமூடி போட்டுக்கொண்டு வந்தானாம், கடவுள் கூலி கொடுத்தாராம். சந்தைக்கு மீன் கொண்டுவந்த லாஃபியின் அண்ணன் விலியாமு காதிலேயே இது விழுந்தது. பேசினவனின் தாடையை அங்கேயே உடைத்துவிட்டு, "அந்தக் குடும்பத்துல ஒருத்தனையும் விடமாட்டேன்" என்று தேங்காய் வியாபாரிகளுக்கு நடுவே நின்று சத்தியம் செய்துவிட்டுப் போனான். பையனைப் புதைக்கும்போது பாதிரியார்கூட நல்ல வார்த்தை சொல்லத் தயங்கினாராம்.

கொலை விழுந்தால் எங்களுக்கு ஒரு வழி உண்டு. இஃபோங்கா. கொன்றவனின் குடும்பத் தலைவன், வீட்டிலேயே உயர்ந்த பாயைத் தலையில் போர்த்திக்கொண்டு, செத்தவன் வீட்டு வாசலில் விடியும்போது போய் மண்டியிட வேண்டும். கூடவே விறகும் அடுப்புக் கல்லும் கொண்டுபோக வேண்டும். என்னைச் சுட்டுத் தின்பதானாலும் சரி என்று அர்த்தம். வீட்டுக்காரர்கள் வந்து பாயை எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால், பாய்க்குள் இருப்பவன் கழுத்து அவர்களுடையது.

ரூத்தா தன் அம்மா வழியில் வந்த பாயை எடுத்து வந்தாள். பட்டு மாதிரி மெல்லிசு. பின்னி முடிக்க வருஷக்கணக்கில் ஆன பாய். ஓரத்தில் சிவப்புக் கிளியிறகு. பஸ்ஸில் தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்து வழியெல்லாம் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள்.

"அங்க போய் வாயத் திறக்காதே. பாய்க்குள்ள இருக்கிறவன் பேசக் கூடாது. அவங்க என்ன செஞ்சாலும் அசையாதே. என் புள்ளயோட தலையெழுத்து உன் கையில இருக்கு. இவங்க மன்னிச்சாத்தான் ஜட்ஜு இரக்கப்படுவாரு."

"சரிக்கா."

அவர் வலது ஆள்காட்டி விரலில் அந்தப் பிளாஸ்திரி இன்னும் சுற்றியிருந்தது. மேடையில் சுற்றியதை அவர் அவிழ்க்கவே இல்லை. ஏதோ காயம் என்று அக்கா நினைத்துக்கொண்டாள்.

அலெய்பாட்டாவில் பொழுது புலரும்போது, சுவரில்லாத அந்த வீட்டின் முன்னால் சரளையில் மண்டியிட்டார்கள். முன்னால் அவுகுசோ, தலைமேல் பாய். பின்னால் குடும்பத்தார், தலை குனிந்தபடி. வீட்டுக்குள் தென்னங்கீற்றுத் தட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிவிடும் சத்தம் கேட்டது. பார்க்க மாட்டோம் என்கிறார்கள்.

வெயில் ஏறியது. தேய்ந்துபோன முழங்காலில் சரளை குத்தி நெருப்பாக எரிந்தது. முதல் கல் பின்வரிசையில் ஒருவன் காதில் பட்டது. அவன் முனகினான், நகரவில்லை. அடுத்தது அவுகுசோவின் விலாவில் விழுந்து உள்ளே ஏதோ முறிந்தது. வாழ்நாளெல்லாம் வலிக்கிற மாதிரி நடித்த மனிதன், வலிக்காத மாதிரி நடித்தார். பிறகு காலடிச் சத்தம். பாயின் இடுக்கில் கோடரியின் முனை தெரிந்தது.

"டேய் கிழவா!" விலியாமுவின் குரல். "வெறகு கொண்டாந்தியா? நல்லது. நானே பொளந்து போடறேன்." அவர் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் கோடரி விறகில் இறங்கியது. சிராய்கள் பறந்து பாயில் விழுந்தன. "என் தம்பிய துரோகிங்கறானுங்க சந்தையில! செத்தவன செருப்பால அடிக்கறானுங்க! அதுக்கு எந்தப் பாயப் போத்திக்கிட்டு வந்திருக்க?"

மறுபடி கோடரி ஓங்கியது. இந்தத் தடவை அது விறகுக்காக ஓங்கியதல்ல என்று எல்லோருக்கும் தெரிந்தது. பின்னால் ரூத்தா விசும்பினாள்.

"விலியாமு, நில்லு. ஒண்ணு கேக்கணும்."

லாஃபியின் தாய் சினிவா தட்டியை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். குரலில் அழுகை இல்லை, எல்லாம் வற்றிப்போயிருந்தது.

"பெரியவரே, நான் இந்த மூணு நாளா ஒண்ணையேதான் நினைக்கறேன். எம்புள்ள ஏன் கத்தல? மொத வெட்டு விழுந்ததுமே நான்தான்டான்னு சொல்லியிருந்தா அந்தப் பையன் நிறுத்தியிருப்பானாம். பாத்தவங்க எல்லாம் சொல்றாங்க. முள்ளு குத்தினாக்கூட அம்மான்னு கத்தற புள்ள அது. ஏன் வாயத் திறக்கல?"

பாய்க்குள் இருக்கிறவன் பேசக் கூடாது. அவுகுசோ பேசாமல்தான் இருந்தார். ஓசாகாவில் பேசவில்லை, டெக்சாஸில் பேசவில்லை, மேடையில் அந்த ஒரு மூச்சு நேரம் பேசவில்லை, சிறைக் கம்பிக்கு முன்னால் பேசவில்லை. இப்போதும் பேசாவிட்டால் அப்புறம் என்ன மனுஷன்?

அவர் பாயைத் தன் கையாலேயே தலையிலிருந்து விலக்கினார்.

"ஐயோ, தம்பி!" என்று ரூத்தா அலறினாள். வீட்டுக்காரர்கள் எடுக்க வேண்டிய பாய் அது. தானே எடுத்தவனுக்கு இனி எந்தக் காப்பும் இல்லை. விலியாமு கோடரியோடு ஒரு எட்டு முன்னால் வந்தான்.

"நான்தான் சொன்னேன்" என்றார் அவுகுசோ. "உசுரு போனாலும் வாயத் திறக்காதேன்னு நான்தான் சொன்னேன். அவன் சொன்ன சொல்லக் காப்பாத்தினான்."

"எதுக்கு?"

"பாருங்க."

வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோனார். பழைய கோடுகளுக்கு நடுவே இன்னும் ஆறாத காயத்தின் மேலேயே விரலை இழுத்தார். பொருக்கு பிளந்து ரத்தம் குபுக்கென்று வந்தது. புருவத்தைத் தாண்டி, கண்ணை மூடி, தாடையிலிருந்து மடியில் கிடந்த பாயில் ஒழுகியது. பின்னால் இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். விலியாமு கோடரியை மறந்து நின்றான். அவர் பிளாஸ்திரியைப் பிரித்து, அந்த நகத்தளவு பிளேடைச் சினிவாவிடம் நீட்டினார்.

"அன்னைக்கு வந்த ரத்தம் இதுதான். உங்க புள்ள எடுத்த ரத்தம் இல்ல. எந்த நாட்டுலயும் எவனும் எடுத்த ரத்தம் இல்ல. என் கை. எல்லாம் பேசி வச்ச ஆட்டம்மா. என் அக்கா மகனுக்குத் தெரியாது, நான் சொல்லல. லாஃபி உங்ககிட்ட மட்டுமாவது சொல்லிக்கறேன்னு கெஞ்சினான். அதுக்கும் நான் விடல. கத்தி எறங்கும்போது நான் ஒடனே கத்தியிருக்கலாம். என் பேரு போயிடுமேன்னு ஒரு மூச்சு தயங்கினேன். அவன வெட்டினது தனியேலுன்னு சொல்றாங்க. நான்தான்."

சினிவா பிளேடை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"அப்ப எம்புள்ள உங்கள அடிக்கல?"

"ஒரு அடிகூட வலிக்கல. அவன மாதிரி வலிக்காம அடிக்கிற கைய நான் எங்கயும் பாத்ததில்ல."

"ஜெயிக்க வேண்டியது யாரு?"

"அவன்தாம்மா. அன்னைக்கு அவன்தான் ஜெயிக்கணும்னு நான் வச்சிருந்தேன்."

அவள் முகம் கோணியது. அப்போதுதான் அழுதாள். அழுதபடியே ரோட்டுப் பக்கம் கை நீட்டினாள். பக்கத்து வீட்டார், கோவிலுக்குப் போகிறவர்கள், பாதிரியார் எல்லோரும் வேலியோரம் கூடியிருந்தார்கள். "அவங்களுக்குக் கேக்கல. எந்திரிச்சு நின்னு சொல்லுங்க. சத்தமாச் சொல்லுங்க."

அவுகுசோ முறிந்த விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து, கோவிலில் பாடிய அந்த அடித்தொண்டையில், ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். உலகத்தையே அடித்துப் போட்ட ஆள் என்ற பேர் அந்தச் சரளையிலேயே செத்துப்போனது. கூட்டத்தில் ஒருவன் காறித் துப்பினான். பாதிரியார் தலையைக் குனிந்துகொண்டார்.

சொல்லி முடித்து அவர் மறுபடி மண்டியிட்டார். சினிவா கீழே கிடந்த பாயை எடுத்தாள். ரத்தம் பட்ட பக்கம் உள்ளே இருக்கும்படி அதை அவர் தலையில் திரும்பப் போர்த்தினாள். விலியாமு, "அம்மா, வேணாம்" என்றான். அவள் கேட்கவில்லை. பிறகு முறைப்படி, தன் இரண்டு கையாலும், அந்தப் பாயை எடுத்தாள்.

"உள்ள வாங்க. கோகோ போட்டிருக்கு."

தனியேலுவுக்குத் தண்டனை குறைந்தது. அவுகுசோ சிறைக்குப் போய் அவனிடமும் எல்லாவற்றையும் சொன்னார். அவன் அவர் முகத்தில் குத்தினான், கம்பி வழியாக, பேசி வைக்காத குத்து. மூக்கு உடைந்து கோணலானது கடைசிவரை நேராகவில்லை. வெளியே வந்தபிறகும் பல வருஷம் மாமனோடு பேசவில்லை. நேரே அலெய்பாட்டாவுக்குப் போய், சினிவாவின் தோட்டத்தில் சேப்பங்கிழங்கு நட்டான், விலியாமுவின் படகில் துடுப்புப் போட்டான். விலியாமு ஒரு வருஷம் அவனுக்குக் கடலில் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. பிறகு கொடுத்தான்.

கொப்பரைக் கொட்டகை நீண்ட நாள் பூட்டிக் கிடந்தது. திறந்தபோது அங்கே ஒரே ஒரு புதுச் சட்டம். பழக வருகிறவன் தன்னைப் பெற்றவளையும் கூடப்பிறந்தவர்களையும் முதல் நாள் கூட்டி வர வேண்டும். அவுகுசோ அவர்கள் முன்னால் உட்கார்ந்து, நெற்றியைக் காட்டி, பிளேடு எப்படி ஒளியும் என்று சொல்லிக் கொடுப்பார். வெளிநாட்டில் இருந்த பழைய குஸ்திக்காரர்கள் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள். இன்றைக்கு ஆப்பியாவில் குஸ்தி நடந்தால் முன்வரிசையில் தாய்மார்கள்தான். மகன் அடி வாங்கும்போது, "இன்னும் நல்லா வுழுடா, சோம்பேறி!" என்று கத்துகிறார்கள். அந்தச் சத்தம்தான் அவர் விட்டுப்போனது.

அவர் செத்தபோது எல்லாக் குடும்பத்தாரும் பாய் கொண்டுவந்தார்கள். கடைசியாக அலெய்பாட்டா பஸ் வந்தது. விலியாமு கைத்தாங்கலாகப் பிடித்து வர, சினிவா இறங்கினாள். கையில் அதே பாய். கிளியிறகு உதிர்ந்திருந்தது. கறை கறுத்திருந்தது, அவள் அதைத் துவைக்கவே இல்லை. பெட்டிக்கு அருகே உட்கார்ந்திருந்த தனியேலு மண்டியிட்டு வாங்கிக்கொண்டான். மாமனின் காலிலிருந்து தொடங்கி மெதுவாக மேலே போர்த்தினான். மார்பைத் தாண்டி முகத்துக்கு வந்தபோது சினிவா அவன் கையைப் பிடித்தாள்.

"நெத்திய மூடாதே. எல்லாரும் பாக்கட்டும்."